சிலையைத் தகர்க்காமல் அதன் பொருளை மாற்றுவது எப்படி? நினைவுச்சின்னங்களை மக்களோடு மறுபடைப்புச் செய்தல்: ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டை வளாகத்தில் பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் அவர் 1786 ஆகஸ்ட் 11ஆம் நாள் இத்தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார்; அதன் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1936இல் இச்சிலை திறக்கப்பட்டது. லைட் 1794இலேயே இறந்துவிட்டார். அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரை வடிவமைத்த அவருடைய மகன் வில்லியம் லைட்டின் சாயலைக் கொண்டே சிற்பி இந்த முகத்தை வடித்தார் என்று சொல்லப்படுகிறது. ஆகவே, 1936இல் இத்தீவை ஆண்டவர்கள் தம் முன்னோடியை எவ்வாறு நினைவுகூர விரும்பினார்களோ, அந்த வடிவத்தைத்தான் நாம் இன்று காண்கிறோம். சர்ச்சைக்குரிய நினைவுச்சின்னங்களைப் பற்றி அறியத் தொடங்குவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது. ஒரு சிலை, அது காட்டும் மனிதரைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும், அதை நிறுவியவர்களின் விருப்பத்தைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது.

இதை ஏற்றுக்கொண்டால், சிலையின் பொருளை மாற்றினால் வரலாறே அழிந்துவிடும் என்ற அச்சம் பெருமளவு தணியும். பொது இடத்தில் நிற்கும் ஒரு சிலையோ, தூணோ, கட்டடச் சிற்பமோ இன்றைய மக்களில் ஒரு சாராரைப் புண்படுத்தலாம். அல்லது அவர்களுடைய வரலாற்றை முற்றிலும் மறைத்து நிற்கலாம். அத்தகைய சின்னத்தை அப்படியே விட்டுவிடுவது, அகற்றிவிடுவது என்ற இரண்டு வழிகளோடு நின்றுவிடாமல், கலையின் துணையோடு அதன் பொருளை மாற்றியமைக்கும் முயற்சியையே இக்கட்டுரை மறுபடைப்பு என்று அழைக்கிறது. அம்முயற்சியை ஒரு தனிக் கலைஞரிடமோ அரசு அலுவலகத்திடமோ விட்டுவிடாமல், அச்சின்னத்தைச் சுற்றி வாழும் மக்களின் குழுக்கள் முதற்கேள்வியை எழுப்புவதிலிருந்து இறுதி முடிவு வரை பங்கேற்றுச் செய்யும்போது, அது சமூகத்தோடு இணைந்த மறுபடைப்பாகிறது. இந்த இணைவு இல்லாத மறுபடைப்பு, எவ்வளவு அழகாக அமைந்தாலும், பழைய சிலையின் அதே குறையைப் புதிய வடிவில் திரும்பச் செய்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே சிலை, பல நினைவுகள்

லைட்டின் சிலை ஏன் சர்ச்சைக்கு உரியதாகிறது என்பதை விளங்கிக்கொள்ள, அதன் முன் நிற்கும் வெவ்வேறு மனிதர்களின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அண்டை மாநிலமான கெடாவைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு மலாய்க் குடும்பத்திற்கு, இத்தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்த நிலம். லைட் வருவதற்கு முன்பே இங்கு மலாய்க் குடியிருப்புகள் இருந்தன. சயாமின் அச்சுறுத்தலுக்கு எதிராகப் படை உதவி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் சுல்தான் அப்துல்லா தீவைக் கம்பெனியிடம் விடச் சம்மதித்தார். அந்த உதவி வரவில்லை. 1791இல் தீவை மீட்க அவர் படை திரட்டியபோது கம்பெனி அதை முறியடித்தது. அதன் பின்னர் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற தொகையோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. பீடத்தில் நிமிர்ந்து நிற்கும் உருவம் இவற்றில் எதையும் சொல்வதில்லை.

தமிழர்களுக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது, அதுவும் அந்தச் சிலைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. லைட் கட்டிய முதல் கோட்டை நிபோங் மரங்களை நட்டு அமைத்த வெறும் அரண்தான். இன்று நாம் காணும் செங்கல், கல் கட்டுமானம் அவர் இறந்த பிறகு, 1804 முதல், இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பால் எழுந்தது. சதுப்பைத் தூர்த்தவர்களிலும் சாலை போட்டவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். பின்னாளில் தீவின் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்த தமிழர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் படகோட்டிகளும் இந்நகரின் செல்வத்தைத் தோளில் தாங்கினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களும், பினாங்கு வீதியில் கிட்டங்கி (வட்டிக்கடை) வைத்துத் தொழில் நடத்திய செட்டியார்களும் அந்தச் செல்வத்தில் பங்கு பெற்றார்கள். கோட்டைச் சுவரைக் கட்டியவர்களின் முகம் எந்தப் பீடத்திலும் இல்லை.

அதே வேளையில், லைட் திறந்த சுங்கவரியற்ற துறைமுகமே தங்கள் முன்னோர்களை இங்கே வரவழைத்து வாழவைத்தது என்று நன்றியோடு நினைக்கும் முதியவர்களும், தமிழர்களும் சீனர்களுமாக, இந்நகரில் இருக்கிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. மறுபடைப்பின் மேசையில் அவர்களுக்கும் இடம் வேண்டும். 2020 ஜூன் மாதம், உலகின் பல நகரங்களில் காலனியச் சிலைகள் தாக்கப்பட்டுவந்த நாள்களில், லைட்டின் சிலை மீதும் யாரோ சிவப்புச் சாயத்தை வீசினார்கள். சாயம் கழுவப்பட்டது, சில அறிக்கைகள் வந்தன, பேச்சு அடங்கியது. கோபத்திற்குக் காரணம் இருந்திருக்கலாம், ஆனால் முகம் காட்டாத ஒரு கை செய்த செயலால் கெடாவின் கதையும் கைதிகளின் கதையும் யார் காதிலும் விழவில்லை.

எந்தெந்த வழிகளில் மாற்றலாம்?

மிக எளிய வழி, சின்னத்தோடு ஒன்றைச் சேர்ப்பது. இதற்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. எஸ்பிளனேட் திடலருகே நிற்கும் போர் நினைவுத்தூண் 1929இல் முதலாம் உலகப் போரில் மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்டது. பின்னாளில் இரண்டாம் உலகப் போர், அப்போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் ஆகியவற்றில் உயிரிழந்தவர்களின் நினைவும் அதனோடு சேர்க்கப்பட்டது. சயாம் மரண ரயிலுக்கு இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டதை அறிந்த ஒருவருக்கு, அந்தத் தூண் இன்று வேறொரு பொருளைத் தருகிறது. கல் பழையதுதான், அது தாங்கும் நினைவு மட்டும் விரிந்திருக்கிறது.

சிங்கப்பூர் 2019 ஜனவரியில் செய்தது இன்னும் துணிச்சலானது. கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் அங்கு வந்திறங்கிய 200ஆம் ஆண்டையொட்டி, ஆற்றங்கரையில் நிற்கும் அவருடைய வெள்ளைச் சிலையின் மீது, பின்னால் உள்ள வானளாவிய கட்டடத்தின் நிறமும் கோடுகளும் ஒத்திசையும்படி ஓவியர் ஒருவர் வண்ணம் தீட்டினார். குறிப்பிட்ட கோணத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ராஃபிள்ஸ் மறைந்துபோனார். சில நாள்களில் வண்ணம் நீக்கப்பட்டு, சிலையின் அருகே சாங் நீல உத்தமா, தான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை ஆகிய நால்வரின் சிலைகள் தற்காலிகமாக வைக்கப்பட்டன. நாராயண பிள்ளை பினாங்கில் வாழ்ந்த தமிழர். 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலேறிச் சென்று, சிங்கப்பூரின் முதல் செங்கற்சூளையை நடத்தி, 1827இல் மாரியம்மன் கோயிலை நிறுவியவர். ராஃபிள்ஸுக்கு நிகரான உயரத்தில் ஒரு தமிழர் நின்ற அக்காட்சி எனக்குப் பெருமையளிக்கிறது. எனினும், அந்த நால்வரைத் தேர்ந்தெடுத்தது அரசு அமைத்த ஓர் அலுவலகம். தேர்வானவர்களும் இளவரசர், வணிகர், அறிஞர் என்று ஏற்கெனவே ஏடுகளில் இடம்பெற்றவர்களே. அந்நகரின் புனித ஆண்ட்ரு தேவாலயத்தைக் கட்டிய இந்தியக் கைதிகள் அங்கும் பீடமேறவில்லை. சிலைக்குப் பக்கத்தில் சிலையை வைக்கும்போது, பெரிய மனிதர்களே நினைவுக்கு உரியவர்கள் என்ற பழைய இலக்கணம் மாறாமல் தொடர்ந்துவிடுகிறது.

சின்னத்தைத் தொடாமல் அதற்கு மறுமொழி கூறும் வழியும் உண்டு. இத்தாலியின் போல்சானோ நகரில் முசோலினியைக் குதிரைமேல் காட்டும் பெரிய புடைப்புச் சிற்பம் ஓர் அரசுக் கட்டடத்தின் முகப்பில் இருக்கிறது. நம்பு, கீழ்ப்படி, போரிடு என்பது அதிலுள்ள முழக்கம். 2017இல் அச்சிற்பத்தின் குறுக்கே, கீழ்ப்படியும் உரிமை யாருக்கும் இல்லை என்ற பொருள் தரும் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்டின் கூற்று, அவ்வட்டாரத்தின் மூன்று மொழிகளில் ஒளியெழுத்துகளாகப் பொருத்தப்பட்டது. சிற்பம் இன்னும் அங்கே இருக்கிறது, ஆனால் அதை இப்போது தனியாகப் படிக்க முடியாது.

அகற்றப்பட்ட பிறகும் மறுபடைப்புத் தொடரலாம். பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில், வீழ்ந்த சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னரின் சிலையைத் துண்டாக்கி இரண்டு கற்காரைப் பாளங்களுக்கிடையே நசுங்கிக் கிடப்பதுபோல் கலைஞர் ஒருவர் அமைத்தார். அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் 2021இல் இறக்கப்பட்ட, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க முயன்ற தென் மாநிலங்களின் தளபதி லீயின் வெண்கலச் சிலை, ஜெஃபர்சன் பள்ளி ஆப்பிரிக்க அமெரிக்க மரபு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 2023இல் உலையில் உருக்கப்பட்டது. அந்த உலோகத்திலிருந்து நகரமக்களின் கருத்தைக் கேட்டு ஒரு புதிய பொதுக் கலைப்படைப்பை உருவாக்குவதே அவர்களின் திட்டம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரின் அனுபவம் ஒரு தனி எச்சரிக்கை. அடிமை வணிகத்தில் பொருளீட்டிய எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895இல் வைக்கப்பட்ட சிலையில், அவ்வணிகத்தைப் பற்றிய ஒரு விளக்கப் பலகையைச் சேர்ப்பதற்குக்கூட ஒப்புக்கொள்ளப்பட்ட வாசகம் கிடைக்காமல் ஆண்டுகள் கழிந்தன. 2020 ஜூன் 7ஆம் நாள் மக்கள் அதை இழுத்துத் தள்ளித் துறைமுக நீரில் எறிந்தார்கள். அடுத்த ஆண்டு, சாயமும் கீறல்களும் மாறாமல், கிடந்த நிலையிலேயே அதை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதன் எதிர்காலம் குறித்து நடத்தப்பட்ட கருத்தெடுப்பில் ஏறத்தாழ 14,000 பேர் பதிலளித்தார்கள். ஐந்தில் நால்வர் அது நகர அருங்காட்சியகத்தில் இருக்கட்டும் என்றார்கள். பலகை வைக்கும் காலத்திலேயே இத்தனை பேரிடம் கேட்டிருந்தால் நிலைமை வேறாகியிருக்கக்கூடும்.

சமூகக் குழு எந்த இடத்தில் நிற்கிறது?

இம்முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரின் பங்கர் ஹில் நினைவுத்தூண். அமெரிக்க விடுதலைப் போரில் 1775இல் நடந்த சண்டையின் நினைவாக நிற்கும் அந்தக் கல்தூண் சுமார் 67 மீட்டர் உயரமுடையது. அது நிற்கும் சார்ல்ஸ்டவுன் பகுதியில் பல கொலைகள் துப்புத் துலங்காமல் கிடந்தன. கண்டவர்கள் வாய் திறக்க அஞ்சினார்கள். 1998இல், போலந்தில் பிறந்த கலைஞர் கிரிஸ்டோஃப் வொடிச்கோ, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களையும் உறவினரையும் பேசவைத்துப் படம்பிடித்து, அவர்களுடைய முகங்களை இரவில் அத்தூணின் மீதே ஒளியாக வீசினார். விடுதலைக்காக எழுப்பப்பட்ட தூண், தன் காலடியில் வாழும் தாய்மார்களின் குரலில், அச்சத்திலிருந்து விடுதலை கேட்டது. சில இரவுகளில் எல்லாம் முடிந்தது. தூணில் ஒரு கீறலும் இல்லை. தெருவில் சொல்ல முடியாததை அத்தனை பேர் முன்னிலையில் சொல்ல அத்தாய்மார்களுக்கு ஓர் இடம் கிடைத்தது என்பதுதான் இங்கே முதன்மையானது. கலைஞரின் திறமை அந்த இடத்தை உருவாக்கித் தருவதற்குப் பயன்பட்டது.

இன்னொரு வகைப் பங்கேற்பு கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. ஃபிலடெல்ஃபியாவில் மான்யுமென்ட் லேப் என்ற அமைப்பு 2017இல் நகரின் பூங்காக்களில் சிறு கருத்துக்கேட்பு மையங்களை அமைத்து, இன்றைய நம் நகரத்திற்குப் பொருத்தமான நினைவுச்சின்னம் எது என்று வருவோர் போவோரிடம் கேட்டது. 4,000க்கும் மேற்பட்டோர் தாளில் வரைந்தும் எழுதியும் பதில் தந்தார்கள். எந்தச் சிலை வேண்டும் என்று கேட்காமல் எது பொருத்தம் என்று கேட்டதனால், மரங்களும் சமையலறைகளும் மூடப்பட்ட பள்ளிகளும் அப்பதில்களில் இடம்பெற வழி கிடைத்தது.

தமிழ் மரபில் இந்த எண்ணம் புதிதன்று. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்திப் பாடுவது எனப் பலர் கூடிச் செய்யும் செயல்களின் வழியாகவே ஒரு கல் நினைவுச்சின்னமாகிறது. படையலும் வாழ்த்தும் நின்றுபோன கல்லை மறுபடியும் மக்களின் செயலுக்குள் கொண்டுவருவதே மறுபடைப்பு என்று ஒரு தமிழருக்கு எளிதில் விளக்கிவிடலாம்.

பினாங்கில் தொடங்குவதென்றால்

இந்நகரில் இதற்கான அடித்தளம் ஓரளவு இருக்கிறது. 2009இல் மாநில அரசு நடத்திய போட்டியின் விளைவாக, ஜார்ஜ்டவுன் சந்துகளில் கூலிகள், ரிக்‌ஷாக்காரர்கள், அங்காடி வியாபாரிகள் ஆகியோரின் வாழ்க்கையைக் காட்டும் 52 இரும்புக் கம்பிச் சித்திரங்கள் வைக்கப்பட்டன. பெரிய மனிதர்களுக்கு மட்டுமே பொது நினைவு என்ற வழக்கத்தை அவை மெல்லத் தளர்த்தின. ஆர்ட்ஸ்-எட் போன்ற அமைப்புகள் இளையோரைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, முதியவர்களைப் பேட்டி காணவைத்து, அவர்கள் கேட்டதைக் கலைவடிவமாக்கும் முறையை இங்கு நீண்ட காலமாகப் பழக்கியிருக்கின்றன. ஆகவே ஒரு மணிமன்றமோ (தமிழ் இளைஞர் மன்றமோ), தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ, கோயில் நிர்வாகக் குழுவோ எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

அத்தகைய குழு முதலில் செய்யக்கூடாத ஒன்று உண்டு: வடிவத்தை முடிவு செய்துவிட்டு மக்களை அழைப்பது. அப்போது பங்கேற்பு வெறும் ஒப்புதல் கையெழுத்தாகிவிடும். முதற்கட்டத்தில் சின்னத்தை ஒன்றாகச் சென்று பார்த்து, அது என்ன சொல்கிறது, யாரைச் சொல்லாமல் விடுகிறது என்று ஒவ்வொருவரும் தம் மொழியில் கூற வேண்டும். லைட்டின் சிலை என்றால் தமிழர்கள் மட்டும் கூடினால் போதாது. கெடா மலாய்க் குடும்பங்கள், தமிழ் முஸ்லிம்கள், ஹொக்கியன் பேசும் கொங்சி (சீனக் குலச் சங்க) முதியவர்கள் ஆகியோரும் வர வேண்டும். தமிழர்களுக்குள்ளேயே வணிகர் வழியினரின் நினைவும் தொழிலாளர் வழியினரின் நினைவும் ஒன்றாக இராது. அந்த வேறுபாடு வெளிப்படும் கூட்டமே நல்ல கூட்டம். கருத்து மாறுபாட்டை மழுப்பி எல்லாரும் மகிழும் ஒரு வாசகத்தை எழுதிவிட்டால், அது எங்கும் போய்ச் சேராது.

அதன் பிறகு ஏட்டிலுள்ள வரலாற்றையும் வீட்டிலுள்ள வரலாற்றையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். பயிலரங்குகளில் களிமண், அட்டை, பழைய படங்கள் ஆகியவற்றைக் கொண்டு சிறு மாதிரிகள் செய்து பார்க்கலாம். எழுதப் பழகாத ஒரு பாட்டிகூடக் களிமண்ணில் தன் கருத்தைச் சொல்லிவிடுவார் என்பதால், இக்கட்டத்தை விரைந்து முடித்துவிடக் கூடாது. கலைஞர் இங்கேதான் தேவைப்படுகிறார். பலர் தந்த சிதறலான கருத்துகளை ஒரு வலுவான வடிவமாகக் கோப்பது அவருடைய பணி. நேரத்தையும் நினைவையும் தரும் முதியவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் வழங்குவது கட்டாயம் என்று நான் கருதுகிறேன்.

சட்டத்தையும் மறக்கலாகாது. கோட்டை, பாதுகாக்கப்பட்ட மரபுடைமை. 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் இருக்கிறது. மாநில அரசு, மாநகர் மன்றம், மரபுடைமைத் துறை ஆகியவற்றின் ஒப்புதலின்றி எதையும் பொருத்துவதோ பூசுவதோ குற்றமாகும். ஆகவே தொடக்கநிலைக் குழுக்களுக்கு ஏற்றவை, தடயமின்றி நீக்கக்கூடிய வடிவங்களே: ஒளிவீச்சு, ஒலிப்பதிவு, துணி, சில வாரங்கள் மட்டும் நிற்கும் ஒரு வெறும் பீடம். என்னைக் கேட்டால், லைட்டின் உருவத்தைத் தொடவே வேண்டியதில்லை. ஆகஸ்ட் 11ஐ ஒட்டிய சில இரவுகளில், கைதிகள் கட்டிய அந்தச் செங்கற்சுவரின் மீதே, இன்றைய தமிழ், மலாய், சீனத் தொழிலாளர்களின் கைகளையும் குரல்களையும் ஒளியாகவும் ஒலியாகவும் வீசலாம். சிலை முன்னால் இருக்கட்டும். அதைப் பார்க்க வருபவர் பின்னாலுள்ள சுவரையும் பார்த்தே ஆக வேண்டும்.

எதிர்ப்புகள் வரும். பழையதைக் கிளறி இன ஒற்றுமையைக் கெடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். தற்காலிகக் காட்சி ஒரு கண்துடைப்பு, சிலையை எடுப்பதே தீர்வு என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டாவது கருத்தில் நியாயம் இருக்கிறது. சில சின்னங்கள் இழைக்கும் அவமதிப்பு எந்த ஒளியாலும் தீராது; சார்லட்ஸ்வில்லின் சிலையைச் சுற்றி 2017இல் நடந்த பேரணியில் ஓர் உயிர் போன பிறகு, அதை நிறுத்திவைத்து விளக்கம் சொல்வது போதாது என்று அம்மக்கள் கருதியதில் வியப்பில்லை. அகற்றுவதும் மறுபடைப்பின் ஒரு முடிவாக இருக்கலாம் என்பதைக் குழு தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். சுற்றுலா விளம்பரத்திற்காக முயற்சியை அரசோ நிறுவனங்களோ விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நிதி தருபவர் வாசகங்களைத் திருத்தக் கூடாது என்று எழுத்தில் உறுதி பெறுவது நல்லது.

தற்காலிகப் படைப்பு கலைந்த பிறகு எஞ்சுவது பதிவுகள் மட்டுமே. ஆகவே பேட்டிகளின் ஒலிப்பதிவு, மாதிரிகளின் படங்கள், கூட்டங்களில் எழுந்த கருத்து மாறுபாடுகளின் குறிப்பு ஆகியவற்றைப் பேசியவர்களின் சம்மதத்தோடும் அவர்கள் பேசிய மொழியிலும் தொகுத்து, ஒரு படியை மாநில அருங்காட்சியகத்திடமும், ஒரு படியைப் பங்கேற்ற தமிழ்ப்பள்ளியின் நூலகத்திலும், ஒரு படியைப் பேட்டி தந்த குடும்பங்களிடமும் ஒப்படைக்க வேண்டும். எந்தக் குழு எதைப் பாதுகாக்கும், பேசியவர் பின்னாளில் தம் சம்மதத்தைத் திரும்பப் பெற விரும்பினால் என்ன செய்வது என்பவற்றையும் முதற்கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.